லேப்டாப்புக்கு வயசாகலை... விண்டோஸ் 10-க்குத்தான் வயசாச்சு!

'இந்த பி.சி, விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறவில்லை.' பழைய லேப்டாப்பில் அப்டேட் பக்கத்தைத் திறந்த பலர் இந்த அர்த்தத்தில் ஒரு வரியைப் பார்த்திருப்பீர்கள். 'சரி, அப்புறம் பாத்துக்கலாம்' என்று மூடியும் வைத்திருப்பீர்கள். லேப்டாப் நல்லாத்தானே ஓடுது? படம் பார்க்க முடியுது, ப்ராஜெக்ட் டைப் பண்ண முடியுது, மீட்டிங்கில் முகம் தெரியுது. இதுக்கு மேல என்ன தகுதி வேணும்?

அந்த 'அப்புறம்' வந்து மாதங்கள் ஆகிவிட்டன. 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. 2015 ஜூலையில் வந்த ஓ.எஸ், பத்து வருஷம் ஓடியிருக்கிறது. அது நல்ல ஆயுசுதான், மறுக்கவில்லை. ஆனால், நிறுத்தும் நேரத்தில் இணையத்துக்கு வந்த விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் கிட்டத்தட்ட 40 சதவிகிதம் இன்னும் அதில்தான் இருந்தன என்கிறது ஸ்டாட்கவுன்ட்டர் கணக்கு. இவ்வளவு பேர் சோம்பேறித்தனத்தால் அப்டேட் பண்ணாமல் இருந்தார்களா என்றால், இல்லை. பலருக்கு அப்டேட் பண்ண வழியே கொடுக்கப்படவில்லை.

ஆஃப் ஆகாது... ஆனா?

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடலாம். தேதி தாண்டியதால் லேப்டாப் அணைந்துவிடாது. ஃபைல்கள் எங்கேயும் போகாது. நின்றுபோனது முக்கியமாக ஒன்றுதான். மாதாமாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, நம்ம ஊர் நேரத்துக்கு ராத்திரி, வந்து இறங்கும் பாதுகாப்பு அப்டேட்.

அது ஏன் பெரிய விஷயம்? விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் உள்ளே இருக்கும் சரக்கு பெரும்பாலும் ஒன்றுதான். 11-ல் ஒரு ஓட்டையை அடைக்கும்போது, அந்த ஓட்டை எங்கே இருந்தது என்பது ஹேக்கர்களுக்கும் தெரிந்துவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் 'இந்தப் பூட்டு சரியில்லை' என்று மாற்றுகிறார். அதே கம்பெனிப் பூட்டு உங்கள் வாசலிலும் தொங்குவது தெருவுக்கே தெரியும். அந்த மாதிரி நிலைமை.

2017 மே மாதம் உலகத்தையே உலுக்கிய 'வான்னாக்ரை' ஞாபகம் இருக்கிறதா? கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்ட ரேன்சம்வேர். இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் அப்பாயின்ட்மென்ட்கள் ரத்தாகும் அளவுக்குப் போனது. அந்த ஓட்டைக்கான மருந்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது. போட்டுக்கொள்ளாத மெஷின்கள்தான் மாட்டின. 2014-லேயே கைவிடப்பட்ட எக்ஸ்.பி-க்கு மருந்தே வரவில்லை, தாக்குதலுக்குப் பிறகுதான் அவசர அவசரமாக ஒன்றைக் கொடுத்தார்கள். இப்போது விண்டோஸ் 10-ம் அந்த எக்ஸ்.பி நின்ற வரிசையில்தான் போய் நிற்கிறது. அப்பாவின் நெட்பேங்கிங், அக்காவின் ஜி.எஸ்.டி ஃபைலிங், உங்கள் ஜிமெயில் எல்லாம் ஒரே லேப்டாப்பில் லாகின் ஆகியிருக்கும் வீடுகளுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அதற்காக இன்றைக்கே கடைக்கு ஓடவும் வேண்டாம். 2020 ஜனவரியில் ஆதரவு நின்ற விண்டோஸ் 7-ஐ குரோம் பிரவுசர் 2023 வரை தாங்கிப் பிடித்தது. பிரவுசரும் கைவிட்ட பிறகுதான் வெப்சைட்கள் ஒவ்வொன்றாக மக்கர் பண்ண ஆரம்பிக்கும். கதவு மெதுவாகத்தான் மூடுகிறது. ஆனால், மூடுகிறது.

கோடு கிழிச்சது யாரு?

விண்டோஸ் 11 கேட்பது என்ன? 4 ஜி.பி ரேம், 64 ஜி.பி இடம். இது யாரிடமும் இருக்கும். சிக்கல் அடுத்த இரண்டில். ஒன்று, டி.பி.எம் 2.0. பாஸ்வேர்டு, என்க்ரிப்ஷன் சாவிகளைப் பத்திரமாக வைக்கும் குட்டி லாக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ப்ராசஸர் பட்டியல். இன்டெல் என்றால் எட்டாவது தலைமுறை முதல், ஏ.எம்.டி என்றால் பெரும்பாலும் ரைசன் 2000 சீரிஸ் முதல்.

டி.பி.எம் விஷயத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. லேப்டாப் திருடுபோனால் டேட்டா திருடுபோகாமல் இருக்க அது உதவும். 2016 ஜூலைக்குப் பிறகு விண்டோஸ் 10-ஓடு வரும் புது மாடல்களில் அதை வைத்தே ஆகவேண்டும் என்று மைக்ரோசாஃப்டே கம்பெனிகளுக்கு விதி போட்டது. அப்படியானால் 2017-ல் வாங்கிய லேப்டாப்பில் லாக்கர் இருக்கிறது. ஆனாலும் அது ஃபெயில். ஏனென்றால், ப்ராசஸர் ஏழாவது தலைமுறை.

இங்கேதான் வேடிக்கை. ஏழாம் தலைமுறை ஐ7 ப்ராசஸர், நாலு கோர், அந்தக் காலத்தில் ஒரு லட்சத்தைத் தொட்ட கேமிங் லேப்டாப்களில் இருந்தது. அதற்கு அனுமதி இல்லை. 2017 கடைசியில் வந்த செலரான் என்4000, பட்ஜெட் லேப்டாப்களில் போடும் இரண்டு கோர் சிப். குரோமில் பத்து டேப் திறந்தால் மூச்சு வாங்கும். அதற்கு அனுமதி உண்டு! அப்படியானால் இது வேகத்துக்கு வைத்த தேர்வு இல்லை. பிறந்த தேதி பார்த்து உள்ளே விடுகிறார்கள்.

புது ப்ராசஸர்களில் சில பாதுகாப்பு வசதிகள் வேகம் குறையாமல் ஓடும், க்ராஷ் குறைவு என்றெல்லாம் மைக்ரோசாஃப்ட் காரணம் சொன்னது. ஒத்துக்கொள்ளலாம். ஆனால், 2021 ஆகஸ்டில் பட்டியலைத் திருத்தியபோது ஏழாம் தலைமுறையில் வெகு சிலவற்றை மட்டும் சேர்த்தார்கள். அவற்றில் ஐ7-7820ஹெச்.க்யூ என்ற ப்ராசஸரைக் குறிப்பிட்ட சில மாடல்களில் மட்டும் அனுமதித்தார்கள். எந்த மாடல் தெரியுமா? மைக்ரோசாஃப்டே தயாரித்து விற்ற சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2-ல் இருந்தது அதே ப்ராசஸர்தான். சொந்தப் பிள்ளை என்றால் பாஸ் மார்க்கைக் கொஞ்சம் இறக்கலாம் போல!

இன்னொரு தகவலும் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கு பேட்ச் தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்களா? இல்லை. நிறுவனங்கள் காசு கட்டினால் 2028 அக்டோபர் வரை கிடைக்கும். முதல் வருஷம் ஒரு கம்ப்யூட்டருக்கு 61 டாலர், ஒவ்வொரு வருஷமும் அது இரட்டிப்பாகும். தொழிற்சாலை மெஷின்கள் போன்றவற்றுக்கான தனி விண்டோஸ் 10 பதிப்பு ஒன்றுக்கு 2032 ஜனவரி வரை ஆதரவு இருக்கிறது. மருந்து தயாராகிக்கொண்டேதான் இருக்கிறது. யாருக்குக் கொடுப்பது என்பதுதான் முடிவு செய்யப்பட்டிருக்கிறது.

ஒரு வருஷ அவகாசம் ஃப்ரீயா கிடைக்குது

நம்மைப் போன்ற வீட்டு யூஸர்களுக்கும் ஒரு சலுகை இருக்கிறது. பலருக்கு இது தெரியவே இல்லை. 'எக்ஸ்டெண்டட் செக்யூரிட்டி அப்டேட்ஸ்', சுருக்கமாக இ.எஸ்.யு. இதில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்பு அப்டேட்கள் வரும். 30 டாலர் கட்டலாம், மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸில் 1,000 பாயின்ட் கொடுக்கலாம், அல்லது செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டோடு சிங்க் பண்ணச் சம்மதித்து இலவசமாகவே சேரலாம். ஐரோப்பிய நாடுகளில் நுகர்வோர் அமைப்புகள் சண்டை போட்டதால், அங்கே சிங்க் நிபந்தனையும் கழன்றுவிட்டது. நம்ம ஊரில் யாரும் சண்டை போடவில்லை, நிபந்தனை அப்படியே இருக்கிறது.

வழி எளிது. லேப்டாப்பில் விண்டோஸ் 10-ன் கடைசிப் பதிப்பான 22ஹெச்2 இருக்கவேண்டும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்துக்குப் போனால் 'என்ரோல்' என்று ஒரு லிங்க் தெரியும். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் கட்டாயம், காசு கட்டினாலும்கூட. சிங்க் கேட்கும் இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். செட்டிங்ஸை மட்டும் கொடுத்தால் போதும். போட்டோ, டாக்குமென்ட் எல்லாவற்றையும் ஏற்றச் சொன்னால் ஒன்டிரைவின் 5 ஜி.பி இலவச இடம் ஒரே நாளில் நிரம்பிவிடும். அப்புறம் 'இடம் வாங்கு, இடம் வாங்கு' என்று நச்சரிப்பு ஆரம்பிக்கும். மைக்ரோசாஃப்டுக்கு இந்த 'இலவசத்தில்' என்ன லாபம் என்று இப்போது புரிந்திருக்குமே!

என்னைக் கேட்டால், விண்டோஸ் 10-ல் மாட்டிக்கொண்டிருக்கும் எல்லோரும் இன்றைக்குச் செய்யவேண்டிய முதல் வேலை இதுதான். முடிவெடுக்க நேரம் கிடைக்கும். கூடவே 'பி.சி ஹெல்த் செக்' என்ற மைக்ரோசாஃப்டின் இலவச ஆப்பையும் ஓட்டிப் பாருங்கள். சில லேப்டாப்களில் ப்ராசஸர் சரியாக இருந்தும் டி.பி.எம் மட்டும் பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல்லில் பி.டி.டி என்றும், ஏ.எம்.டி-யில் எஃப்.டி.பி.எம் என்றும் பெயர் இருக்கும். அதை ஆன் பண்ணினாலே 'தகுதி இல்லை' போய் 'தகுதி உண்டு' வந்துவிடும். கடையில் இதற்கு 'அப்கிரேடு சார்ஜ்' வாங்கினால் ஏமாறாதீர்கள்.

தகுதி உள்ளவர்கள் மேலேறும் முன் ஃபைல்களை வெளியே ஒரு டிஸ்க்கில் காப்பி எடுத்துவிடுங்கள். புதிதாக இன்ஸ்டால் செய்யப்படும் விண்டோஸ் 11, மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் லாகின் செய்ததும் பல லேப்டாப்களில் டிஸ்க்கைத் தானாகவே என்க்ரிப்ட் செய்துவிடுகிறது. ரெக்கவரி கீ அந்த அக்கவுன்ட்டுக்குள் போய் உட்காரும். கடைக்காரர் தன் அக்கவுன்ட்டையோ, ஏதோ ஒரு டம்மி ஐடியையோ போட்டு இன்ஸ்டால் செய்து கொடுத்தால், என்றைக்காவது அந்த நீலத் திரை 48 இலக்க கீ கேட்கும்போது உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. காலேஜ் போட்டோ முதல் தீசிஸ் வரை மொத்தமும் போச்சு. அதனால் லாகின் உங்கள் ஐடியில், உங்கள் கையால்.

'பைபாஸ் பண்ணித் தர்றேன் தம்பி!'

தகுதி இல்லாத லேப்டாப்பிலும் விண்டோஸ் 11-ஐ ஏற்ற முடியும். ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளில் பென்டிரைவ் தயார் பண்ணும்போதே, டி.பி.எம் சோதனையைத் தாண்டும் டிக் பாக்ஸ் இருக்கிறது. யூடியூபில் தமிழிலேயே டுடோரியல்கள் கொட்டிக்கிடக்கின்றன. ஆரம்பத்தில் மைக்ரோசாஃப்டே இதற்கு ஒரு ரெஜிஸ்ட்ரி வழியைத் தன் இணையப் பக்கத்தில் வைத்திருந்தது. பிறகு எடுத்துவிட்டார்கள்.

ஓடுமா? ஓடும். மாதாந்திர அப்டேட்களும் பெரும்பாலும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் 'வரும் என்று உத்தரவாதம் இல்லை' என்று மைக்ரோசாஃப்ட் எழுத்துபூர்வமாகச் சொல்லிவிட்டது. வருஷா வருஷம் வரும் பெரிய பதிப்புக்கு நீங்களே மறுபடி பென்டிரைவைத் தூக்கவேண்டியிருக்கும். 2024-ல் வந்த 24ஹெச்2 பதிப்பு, ரொம்பப் பழைய சில ப்ராசஸர்களில் பூட் ஆகவே மறுத்துவிட்டது. வேலரன்ட் ஆடுபவர்களுக்கு ஒரு கெட்ட செய்தி. விண்டோஸ் 11-ல் அந்த கேமின் ஆன்டி-சீட், டி.பி.எம் 2.0-வும் செக்யூர் பூட்டும் இருக்கிறதா என்று தானே தனியாகச் சோதிக்கும். வாட்ச்மேனைத் தாண்டி உள்ளே போய்விடலாம், லிஃப்ட்டில் இன்னொருத்தர் நிற்கிறார்.

நோண்டிப் பார்க்கும் ஆர்வம் உள்ளவர்களுக்கு இது ஜாலியான வீக்கெண்ட் வேலை. அம்மாவின் லேப்டாப்பிலோ, வீட்டிலேயே ஒரே லேப்டாப்பாக இருப்பதிலோ இதைச் செய்ய நான் சொல்லமாட்டேன். அதைவிட மோசம், 'ஆக்டிவேட்டர்' போட்ட க்ராக் விண்டோஸ். பல ஆக்டிவேட்டர்கள் செய்யச் சொல்லும் முதல் வேலையே ஆன்டிவைரஸை ஆஃப் செய்வதுதான். பாதுகாப்புக்காக மேலேறப் போய், காவல்காரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு யாரென்றே தெரியாத ஒருவரை உள்ளே கூப்பிடுகிறோம்.

வேகம் ஓ.எஸ்-ல இல்லை... டிஸ்க்குல இருக்கு

'பழசு ஸ்லோவா இருக்கு, அதான் மாத்தலாம்னு' என்பவர்களுக்கு ஒரு கேள்வி. உள்ளே சுற்றுவது ஹார்டு டிஸ்க்கா, எஸ்.எஸ்.டி-யா? 2018 வாக்கில் வாங்கிய பட்ஜெட் லேப்டாப்களில் பெரும்பாலும் 1 டி.பி ஹார்டு டிஸ்க்தான். அதைக் கழற்றி எஸ்.எஸ்.டி மாட்டினால், ஆன் செய்துவிட்டு டீ போடப் போகும் பழக்கமே போய்விடும். எந்த ஓ.எஸ் அப்டேட்டும் இந்த வித்தியாசத்தைக் கொடுக்காது.

ரேம்தான் இப்போது தலைவலி. 4 ஜி.பி போதும் என்று மைக்ரோசாஃப்ட் சொன்னாலும், நிஜத்தில் விண்டோஸ் 11-க்கு 8 ஜி.பி இல்லாமல் நிம்மதி இல்லை. ஆனால், 2025-ன் கடைசியிலிருந்து ரேம் விலை எகிறிக்கிடக்கிறது. ஏ.ஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை மொத்தமாக அள்ளிக்கொள்கின்றன. நம்மைப் போன்றவர்கள் வாங்கும் 'க்ரூஷியல்' பிராண்டையே மூடப்போவதாக மைக்ரான் நிறுவனம் 2025 டிசம்பரில் அறிவித்தது. புது லேப்டாப்பின் உள்ளேயும் இதே சிப்தானே? ஆக, உலகமே பழையதை மாற்றவேண்டிய நேரத்தில்தான் புதுசின் விலையும் ஏறியிருக்கிறது. இருப்பதை இன்னும் இரண்டு வருஷம் ஓட்ட முடிந்தால் நிஜமாகவே காசு மிச்சம்.

பாஸ் லினக்ஸை அழிச்ச தலைமுறை

விண்டோஸைக் கட்டிக்கொண்டு அழவேண்டிய கட்டாயம் இல்லாதவர்களுக்கு லினக்ஸ் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இது புதுசும் இல்லை. 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேல் லேப்டாப்கள் போய்ச்சேர்ந்தன. சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் அதில் இருந்தது. வாங்கிய கையோடு கடைக்குப் போய் அதை அழித்து, திருட்டு விண்டோஸ் போட்டவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் அண்ணன், அக்காவைக் கேளுங்கள், சிரிப்பார்கள். அந்த லேப்டாப்களில் பேட்டரி செத்தும் திரை உயிரோடு இருப்பவை இன்னும் பல வீட்டு அலமாரிகளில் கிடக்கின்றன. விண்டோஸ் 11-க்கு அவை கனவிலும் தகுதி பெறாது. லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.இ பதிப்புக்கு 2 ஜி.பி ரேம் இருந்தாலே ஆரம்பிக்கலாம், 4 ஜி.பி இருந்தால் நல்லது. 2026 ஜனவரியில் கல்லூரி மாணவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்த புது லேப்டாப்களிலும் விண்டோஸ் 11-ஓடு பாஸ் லினக்ஸும் இருக்கிறது. இந்த முறையாவது அதை அழிக்காமல் ஒருமுறை திறந்து பார்க்கலாம்.

விண்டோஸ் 10 விடைபெற்ற அதே அக்டோபர் 14-ல் ஸோரின் என்ற லினக்ஸ் தன் புதிய பதிப்பை வெளியிட்டது. ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேலான காலத்தில் 10 லட்சம் டவுன்லோடு, அதில் முக்கால்வாசிக்கு மேல் விண்டோஸ் கம்ப்யூட்டர்களிலிருந்து என்று அவர்களே சொன்னார்கள். டவுன்லோடு பண்ணியவர்கள் எல்லாம் தங்கிவிட்டார்களா என்பது வேறு கதை.

பிரவுசருக்குள் நடக்கும் எதுவும் லினக்ஸில் நடக்கும். ஜிமெயில், கூகுள் டாக்ஸ், யூடியூப், வாட்ஸ்அப் வெப் எல்லாம் ஓகே. தமிழ் டைப்பிங்குக்குத் தமிழ்99 கீபோர்டும் கிடைக்கும். டாலி, ஃபோட்டோஷாப், ஆட்டோகேட், மைக்ரோசாஃப்ட் ஆபீஸின் இன்ஸ்டால் செய்யும் பதிப்பு, ஆன்லைன் எக்ஸாமுக்குக் காலேஜ் தரும் சில கண்காணிப்பு சாஃப்ட்வேர்கள், வேலரன்ட் இதெல்லாம் வேண்டும் என்றால் லினக்ஸ் வேண்டாம். அழித்துத்தான் பார்க்கவேண்டும் என்றில்லை. பென்டிரைவில் ஏற்றி, உள்ளே இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை பிடிக்குதா, ஸ்பீக்கர் பேசுதா, பிரின்ட்டர் வேலை செய்யுதா என்று ஒரு சாயங்காலம் சோதித்துவிட்டு முடிவெடுங்கள்.

போனுக்கு கேக்கிறோம்... லேப்டாப்புக்கு?

போன் வாங்கும்போது 'எத்தனை வருஷம் அப்டேட்?' என்று கேட்கப் பழகிவிட்டோம். கேட்டதால்தான் 2023-ல் கூகுள் பிக்ஸல் 8-க்கும், அடுத்த வருஷம் சாம்சங் எஸ்24-க்கும் ஏழு வருஷ வாக்குறுதி வந்தது. ஐரோப்பிய யூனியன் ஒரு படி மேலே போய், 2025 ஜூன் 20 முதல் போன், டேப்லெட்களுக்குக் குறைந்தது ஐந்து வருஷம் ஓ.எஸ் அப்டேட் என்பதை விதியாகவே ஆக்கிவிட்டது. அதுவும் ஒரு மாடலின் விற்பனை நின்ற நாளிலிருந்து ஐந்து வருஷம். லேப்டாப் அந்த விதிக்குள் வரவில்லை. விண்டோஸ் 10 லைசென்ஸை மைக்ரோசாஃப்ட் தன் தளத்தில் 2023 ஜனவரி 31 வரை விற்றது. கடைசி நாளில் வாங்கியவருக்குக் கிடைத்தது மூன்று வருஷம்கூட இல்லை. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் 'ரைட் டு ரிப்பேர்' இணையதளம் தொடங்கியது. அதன் பேச்செல்லாம் ஸ்பேர் பார்ட்ஸ், சர்வீஸ் சென்டர், வாரன்ட்டி பற்றித்தான். பிரெட் பாக்கெட்டில் காலாவதித் தேதி போடும் நாட்டில், அரை லட்ச ரூபாய் பொருளின் அட்டைப்பெட்டியில் 'இதுவரைதான் அப்டேட்' என்று ஒரு தேதி போடவைப்பது முடியாத காரியமா என்ன?

அந்தத் தேதி வரும்வரை நாமே கணக்குப் போட்டுக்கொள்ளவேண்டியதுதான். அவசரமாகக் கணக்குப் போடவேண்டியவர்கள் செகண்ட் ஹேண்ட் லேப்டாப் தேடும் மாணவர்கள். நிறுவனங்கள் கழித்துவிடும் ஆறாம், ஏழாம் தலைமுறை லேப்டாப்கள் ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களுக்கும் ஆன்லைன் ரீஃபர்பிஷ்டு கடைகளுக்கும் வருகின்றன. உடம்பு உறுதி, கீபோர்டு அருமை, விலை மலிவு. 'விண்டோஸ் 11 போட்டே தர்றோம்' என்றும் சொல்வார்கள். அது பைபாஸா, நிஜமான தகுதியா என்பதை ப்ராசஸர் நம்பர் சொல்லிவிடும். ஐ5-7200யூ என்றால் கோட்டுக்குப் பிறகு வரும் 7 தான் தலைமுறை, அது பட்டியலில் இல்லை. ஐ5-8250யூ என்றால் எட்டு, ஐ5-10210யூ என்றால் பத்து, இரண்டும் பட்டியலில் உண்டு. ஏழு என்றால் வாங்கவே கூடாது என்று சொல்லமாட்டேன். லினக்ஸ் போட்டு ஓட்டுவதாக இருந்தால் அது நல்ல மெஷின்தான். ஆனால், அந்த நம்பரைக் காட்டி விலையைக் குறைத்துக் கேளுங்கள்.